கல்யாண நாள் அவசரப் பை: எதை வைப்பது, எதை விடுவது?

பொறுப்பாளி கேட்டது:

இன்னும் மூன்று வாரத்தில் தங்கைக்குக் கல்யாணம். அவசரப் பை தயார் செய்யும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. தேடினால் கிடைக்கிற பட்டியல் ஒவ்வொன்றிலும் எண்பது, நூறு சாமான். அத்தனையும் வாங்கினால் வீடு மாற்றுகிற மாதிரி ஆகிவிடும். எது நிஜமாகவே பயன்படும், எது வெறும் சுமை என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நிலவரம் இது. மணமகளுக்கு முதலில் பட்டு உடை, பிறகு சாட்டின் கவுன் (முதுகில் மறைவு ஜிப்). மாப்பிள்ளைக்கு கோட் சூட், புது லெதர் ஷூ. திறந்தவெளி மேடை. உடை மாற்றும் அறையிலிருந்து மேடைக்கு 200 மீட்டர் நடக்க வேண்டும். வருகிறவர்களில் இன்சுலின் போடுகிற பெரியவர் ஒருவர், வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள 8 வயதுப் பையன் ஒருவன் உண்டு.

---

மேடைக்குப்பின்:

சாமான் பட்டியலை ஓரமாக வையுங்கள். பையை யார் வைத்திருப்பார் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். நீங்கள் மணமகளின் உடன்பிறப்பு, அதனால் பாதி போட்டோவில் நிற்க வேண்டியிருக்கும். நீங்கள் அந்த ஆள் இல்லை. எந்தப் போட்டோவுக்கும் கூப்பிடப்படாத, பதற்றப்படாத, ஊசியில் நூல் கோக்கத் தெரிந்த ஒருவரைப் பிடியுங்கள். தோழியோ தூரத்து உறவோ, யாராக இருந்தாலும் பரவாயில்லை. பையைத் தொடுகிற உரிமை அவருக்கும் இன்னொருவருக்கும் மட்டும்.

200 மீட்டர் என்கிறீர்கள், அப்படியானால் இரண்டு பை வேண்டும். பெரியது உடை மாற்றும் அறையில் இருக்கட்டும். உள்ளங்கை அளவுக்குச் சின்னது ஒன்று மணமகள் கூடவே நடக்கிறவரிடம். சின்னதில் இவ்வளவு போதும்: ஊக்கு 6, உடையின் நிறத்தில் நூல் கோத்த ஊசி 2, சின்னக் கத்தரிக்கோல், கொப்புளப் பிளாஸ்திரி 2, காது குடையும் பஞ்சுக்குச்சி 4, டிஷ்யூ ஒரு சின்னப் பொட்டலம், இரட்டைப் பக்க டேப் 10 செ.மீ. துண்டாக வெட்டியது நாலு. மேடைக்கு அருகில் வருகிற சிக்கலில் பெரும்பாலானதை இது சமாளிக்கும்.

பெரிய பைக்குள் சாமானைச் சாமான் வகையாகப் பிரிக்காதீர்கள், சிக்கல் வகையாகப் பிரியுங்கள். துணி, கறை, காலும் தோலும், மருந்து, மின்சாரம் என்று ஐந்து ஒளி ஊடுருவும் ஜிப் உறை. வெளியே பெரிய எழுத்தில் ஒட்டிவிடுங்கள். அவசரத்தில் பையைத் திறக்கிறவர் அதை அடுக்கியவராக இருக்க மாட்டார். பையின் நிறம் பளிச்சென்று இருக்கட்டும். கருப்புப் பை கேமராக்காரர்களின் கருப்புப் பைகளோடு கலந்தால் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

ஊக்கு விஷயத்தில் ஒரு தந்திரம். "ஒரே ஒரு பின் கொடுங்க" என்று கேட்டு வருகிறவர்களே பாதி டப்பாவைக் காலி செய்துவிடுவார்கள், ஒன்றும் திரும்பி வராது. அதனால் 50 ஊக்கு உள்ள டப்பா ஒன்றை மேசைமேல் எல்லோருக்குமாக வைத்துவிடுங்கள். மணமக்களுக்கான 15 ஊக்கு துணி உறைக்குள் தனியாக, யார் கண்ணிலும் படாமல் இருக்கட்டும்.

பையைக் காரில் விடாதீர்கள். வெளியே 35 டிகிரி இருந்தால் மூடிய காருக்குள் ஒரு மணி நேரத்தில் 50-ஐத் தாண்டும். உதட்டுச்சாயம் உருகும், டேப்பின் பசை இளகும், மருந்தும் பவர் பேங்கும் கெடும். அது போக, கார் சாவியோடு டிரைவர் எங்கேயாவது போயிருப்பார்.

வேண்டாதவை: பசைத் துப்பாக்கி, முழு அலங்காரப் பெட்டி, இருமல் சிரப், முடி நேராக்கும் கருவி. இவையெல்லாம் அலங்காரம் செய்கிறவர் கொண்டுவருவார், அல்லது தேவையே வராது.

---

ஊசிமுனை:

துணி உறையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். தையல் வேலையில் இருப்பவள் என்ற முறையில், பட்டியலில் "ஊசி, நூல்" என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போவதைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது.

ஊசி: பட்டுக்கும் சாட்டினுக்கும் 9 அல்லது 10-ஆம் எண் மெல்லிய கை ஊசி, கோட் துணிக்கு 7-ஆம் எண். எண் கூடக்கூட ஊசி மெலியும். கோட்டு ஊசியைச் சாட்டினில் குத்தினால் ஓட்டை மூடாது. நூலை முந்தைய நாளே கோத்துவிடுங்கள். மணமகள் உடைகளின் இரண்டு நிறம், வெள்ளை, கருப்பு, கோட்டின் நிறம் என ஐந்து ஊசி. இரட்டையாக மடித்துக் கோத்த பிறகு தொங்குகிற நீளம் 45 செ.மீ. அதற்கு மேல் போனால் அவசரத்தில் சிக்கு விழும். நூலை ஒரு தடவை மெழுகுவர்த்தியில் இழுத்துவிட்டால் முறுக்கிக்கொள்ளாது. கோத்த ஊசிகளை ஒரு ஃபிளானல் துண்டில் குத்தி, நூலை எட்டு வடிவில் சுற்றி வையுங்கள். நிறம் தெரியாத நைலான் நூல் எல்லாத் துணிக்கும் பொருந்தும் என்று வாங்குவார்கள். அதன் முடிச்சு வழுக்கும், மூன்று தடவை போட வேண்டும், இஸ்திரிச் சூட்டில் உருகியும் போகும். ஐந்து நிற நூல் இருந்தால் அது தேவையில்லை.

ஊக்கு: துருப்பிடிக்காத எஃகு அல்லது பித்தளை. 2 செ.மீ., 3 செ.மீ., 5 செ.மீ. மூன்று அளவு. பட்டில் குத்துவதற்கு முன் முனையைக் குளியல் சோப்பில் ஒருமுறை செருகி எடுங்கள். இழையை இழுக்காமல் வழுக்கிப் போகும். ஊக்கின் அடிச்சுருளில் இழை மாட்டிக்கொள்வதுதான் பட்டு கிழிவதற்குப் பெரிய காரணம். ஒரு சின்ன மணியைக் கம்பியில் கோத்துச் சுருள்வரை தள்ளிவிட்டால் துணி அங்கே போகாது. மணி இல்லையென்றால் அரை செ.மீ. ஃபெல்ட் துண்டும் போதும். எந்தத் திசையில் துணி இழுபடுகிறதோ அதற்குக் குறுக்காகக் குத்துங்கள். இழுபடுகிற திசையிலேயே குத்தினால் ஓட்டை நீளமாகி வரும். முடிந்தவரை மேல்துணியில் குத்தாமல் தையல் சேர்கிற இடத்திலோ லைனிங்கிலோ பிடியுங்கள்.

இப்போது ஜிப். மறைவு ஜிப் பெரும்பாலும் இடுப்புத் தையல் குறுக்கே வருகிற தடிமனான இடத்தில்தான் மக்கர் பண்ணும். ஒவ்வொரு சிக்கலுக்கும் வைத்தியம் வேறு.

துணி மாட்டிக்கொண்டால் ரன்னரை மேலே இழுக்காதீர்கள். மாட்டிய துணியைப் பக்கவாட்டில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ரன்னரை மில்லிமீட்டர் மில்லிமீட்டராகக் கீழே விடுங்கள்.

ரன்னர் இறுகி நகராவிட்டால் மெழுகு அல்லது காய்ந்த சோப்பைப் பல்லில் தேயுங்கள். பென்சில் தேய்க்கச் சொல்வார்கள். வேலை செய்யும், ஆனால் வெளிர் துணியில் கரி படியும்.

ரன்னர் போன பிறகும் பின்னால் பல் பிரிந்தால், அடிவரை இறக்கி மெதுவாக மறுபடி ஏற்றுங்கள். நைலான் சுருள் ஜிப்பில் பல் மீண்டும் கோத்துக்கொள்ளும். திரும்பவும் பிரிந்தால் ரன்னரின் இரண்டு ஓரமும் விரிந்துவிட்டது என்று அர்த்தம். சின்னக் குறடால் இடப்பக்கம் லேசாக, வலப்பக்கம் லேசாக அமுக்கி, ஒவ்வொரு தடவையும் ஓட்டிப் பாருங்கள். ஒரேயடியாக அழுத்தினால் ரன்னர் உடையும், அல்லது நகரவே நகராது.

இழுக்கும் காது உடைந்தால் அந்த ஓட்டையில் 2 செ.மீ. ஊக்கு.

எதுவும் சரிவராவிட்டால் உடுத்திய நிலையிலேயே தைத்துவிடுவதுதான். பாலியெஸ்டர் நூல் இரட்டையாக, ஜிப் ஓரத்து மடிப்பில் இந்தப் பக்கம் ஒரு குத்து, அந்தப் பக்கம் ஒரு குத்து என்று ஏணிப்படி மாதிரி, ஒரு செ.மீ. இடைவெளியில். ஐந்து ஆறு தையலுக்கு ஒரு தடவை நூலை இழுத்து இறுக்கினால் இரண்டு ஓரமும் சேர்ந்துவிடும், தையல் வெளியே தெரியாது. முதுகுக்கும் துணிக்கும் நடுவில் ஒரு சாப்பாட்டுக் கரண்டியின் பின்பக்கத்தை நுழைத்து, நீங்கள் மேலே போகப் போக அதையும் நகர்த்துங்கள். ஊசி கரண்டியில் "டிக்" என்று படும், தோலில் ஏறாது. 40 செ.மீ. ஜிப்புக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். அந்த நேரம் முழுக்க மணமகள் நின்றுகொண்டிருக்க வேண்டும், உட்கார்ந்தபடி தைத்தால் எழும்போது நூல் அறும். தையல் பிரிக்கும் ஊசி ஒன்றைப் பையில் போட மறக்காதீர்கள், இரவில் அவர் அந்த உடையிலிருந்து வெளியே வர வேண்டுமே.

கோட் பட்டன்: துணியோடு ஒட்டித் தைத்தால் காஜாவில் நுழையாது. பட்டன்மேல் ஒரு தீக்குச்சியை வைத்து அதற்கு மேலாக நாலு தடவை தைத்து, குச்சியை உருவிவிட்டு, அந்தத் தளர்வான நூலில் மூன்று சுற்றுச் சுற்றி முடியுங்கள். கூடுதல் பட்டன் 2, கொக்கி வளையம் 3 ஜோடி போதும்.

உடைக்கான இரட்டைப் பக்க டேப்: தோல் சுத்தமாக, காய்ந்து, கிரீம் இல்லாமல் இருந்தால்தான் ஒட்டும். வியர்வை கண்டால் விட்டுவிடும். திறந்தவெளி என்பதால் டேப்பை மட்டும் நம்பி எதையும் தூக்கி நிறுத்தாதீர்கள், கழுத்தோரம் விலகாமல் இருக்க மட்டும் அது சரி. கீழ் மடிப்பு பிரிந்தால் டேப் தற்காலிகம்தான், 2 செ.மீ.க்கு ஒரு தையல் போட்டால் இரவுவரை நிற்கும். தரைவிரிப்புக்கான டேப்பைப் பட்டில் ஒட்டவே ஒட்டாதீர்கள்.

முக்கியமான ஒன்று: உடை தைத்த இடத்தில் ஒரு முழம் மிச்சத் துணி கேட்டு வாங்குங்கள். டேப், ஊக்கு, கறைநீக்கி எதுவானாலும் முதலில் அதில்தான் சோதனை.

---

பளிச்:

மேலே சொன்ன மிச்சத் துணி யோசனையை இரண்டு கையாலும் வழிமொழிகிறேன். டிரை வாஷ் வேலையில் எங்களிடம் வருகிற உடைகளில், கறையைவிடக் கறையை எடுக்கப் பண்ணிய வேலையால்தான் அதிகம் கெட்டிருக்கும்.

முதல் விதி, தேய்க்கக் கூடாது. சாட்டினின் பளபளப்பு என்பது மேலே மிதக்கிற நீள இழைகள்தான். தேய்த்தால் அவை சிலும்பி எழும். கறை போனாலும் அந்த இடம் மங்கலாகத் தெரியும், அதைத் திருப்ப முடியாது. ஒற்றி எடுங்கள். ஒற்றுகிற துணி வெள்ளையாக இருக்கட்டும். அச்சடித்த பேப்பர் நாப்கின் ஈரத்தில் தன் சாயத்தையும் சேர்த்துக் கொடுக்கும்.

இரண்டாவது, பட்டில் தண்ணீரே கறைதான். காய்ந்ததும் ஓரத்தில் வளையம் நிற்கும். தண்ணீர் பட்டுத்தான் ஆக வேண்டுமென்றால் பஞ்சைப் பிழிந்துவிட்டு, கறையின் வெளியோரத்திலிருந்து நடுவுக்கு ஒற்றுங்கள். பிறகு ஈர ஓரத்தைக் காய்ந்த துணியால் ஒற்றி, ஈரம் படிப்படியாகக் குறைகிற மாதிரி விடுங்கள். குளிர்காற்றில் வைத்த ஹேர் டிரையரை 30 செ.மீ. தூரத்தில் பிடித்து உலர்த்தலாம். சூடு வேண்டாம்.

எண்ணெய், குழம்பு, வெண்ணெய் எல்லாவற்றுக்கும் ஒரே பதில். கெட்டியானதைக் கரண்டி ஓரத்தால் வழித்தெடுத்து, டால்கம் பவுடர் அல்லது சோள மாவைக் கனமாகப் போட்டு 15 முதல் 20 நிமிடம் விட்டு, மெல்லிய தூரிகையால் தட்டிவிடுங்கள். தேவைப்பட்டால் இன்னொரு தடவை. தண்ணீர் கிட்டவே வரக்கூடாது.

உதட்டுச்சாயம்: மெழுகு என்பதால் விரலால் துடைத்தால் பரவும். செல்லோ டேப் துண்டை லேசாக ஒற்றி மேல்படலத்தை எடுத்துவிட்டுப் பவுடர் போடுங்கள். டேப்பை முதலில் மிச்சத் துணியில் ஒற்றிப் பாருங்கள், சில பட்டில் இழையும் கூடவே வரும்.

இரத்தம்: குளிர்ந்த தண்ணீர் மட்டும், அதுவும் துணியின் பின்பக்கத்திலிருந்து. சூடு பட்டால் புரதம் உறைந்து துணியோடு பிடித்துக்கொள்ளும். ஊசி குத்தி வந்த சொட்டு என்றால் வெள்ளை நூலை எச்சிலில் நனைத்து ஒற்றினால் பெரும்பாலும் போய்விடும். தையல்காரர்கள் காலகாலமாகச் செய்வது இதுதான்.

வெள்ளைத் துணியில் போகாத கறைமேல் பவுடரோ வெள்ளைச் சாக்கட்டியோ பூசி மறைக்கலாம். போட்டோவில் தெரியாது.

பையில் இருக்கக் கூடாதவை மூன்று. அசிட்டோன் உள்ள நகப்பூச்சு நீக்கி: அசிட்டேட் துணியைக் கரைத்து ஓட்டை போட்டுவிடும், கவுன்களின் லைனிங் பல நேரம் அசிட்டேட்தான். வாசனை போட்ட ஈரத் துடைப்பான்: அதிலுள்ள சோப்பும் கிரீமும் பட்டில் வளையமாக நிற்கும். கறை நீக்கும் பேனா: பலவற்றில் பெராக்சைடு இருக்கும், நிறமுள்ள பட்டில் வெளுத்த புள்ளி விழும். வெள்ளைப் பருத்திச் சட்டைக்கு என்றால் மட்டும் பேனா வைத்துக்கொள்ளுங்கள், உறைமேல் "சட்டைக்கு மட்டும்" என்று எழுதி.

கையடக்க ஆவிப்பெட்டி வைப்பதானால், முதல் ஒரு நிமிடம் அதைப் பழைய துண்டின்மேல் ஓட விடுங்கள். ஆரம்பத்தில் அது தண்ணீரைத் துப்பும். சுருக்கம் போக்க வந்தது கறை வைத்துவிட்டுப் போகும்.

---

சும்மா_ஒரு_யோசனை:

இவ்வளவு எதற்கு? சூப்பர் குளூ ஒரு டியூப் போதுமே. ஷூ, நகை, பட்டன், பிரிந்த மடிப்பு எல்லாம் ஒட்டிவிடலாம்.

---

ஊசிமுனை:

துணிக்கு வேண்டவே வேண்டாம் நண்பரே. சூப்பர் குளூ பருத்தி, கம்பளி இழையில் பட்டால் வேதிவினை வேகமாகி நல்ல சூடு கிளம்பும், தோலைச் சுடுகிற அளவுக்கு. உடுத்தியிருக்கிற துணியில் ஊற்றிப் பார்க்கிற விஷயமில்லை அது. காய்ந்த பிறகு கண்ணாடி மாதிரி விறைத்து, மடிகிற இடத்தில் முறியும். நகையில் ஒட்டினாலும் அதன் ஆவி சுற்றிலும் வெள்ளைப் படலமாகப் படியும், கல்லும் முத்தும் மங்கிப்போகும்.

நகைக்கு: மெல்லிய கம்பி 30 செ.மீ., கூடுதல் வளையம் 5, சின்னக் குறடு. அறுந்த சங்கிலியை வளையம் போட்டு முறுக்க இரண்டு நிமிடம். காதணியின் பின்திருகு தொலைந்தால் பென்சில் அழிப்பானில் 3 மி.மீ. துண்டு வெட்டிக் குத்தினால் நிற்கும், அதனால் ஒரு அழிப்பானும் போடுங்கள்.

ஷூ அடிப்பாகம் பிரிந்தால் செருப்புக்காரர்கள் பயன்படுத்துகிற ரப்பர் பசை. இரண்டு பக்கமும் தடவி, 10 நிமிடம் காற்றாட விட்டு, விரலில் ஒட்டாமல் பிசுபிசுக்கிற பதம் வந்ததும் அழுத்த வேண்டும். ஈரமாகவே ஒட்டினால் பிடிக்காது. புது லெதர் ஷூ வழுக்கும், அதற்கு அடிப்பாகத்தை முந்தைய வாரமே உப்புத்தாளால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிடுங்கள். மாப்பிள்ளை அதை வீட்டுக்குள் தினமும் ஒரு மணி நேரம் போட்டு நடக்கட்டும், ஒரு வாரம்.

---

மருந்துச்சீட்டு:

மருந்தாளுநராக ஒரு வேண்டுகோள். அவசரப் பையை மினி மருந்துக்கடை ஆக்காதீர்கள். கொடுக்கிறவருக்குத் தெரியாத மருந்து அதில் இருக்கக் கூடாது. எல்லாம் அசல் பட்டையிலேயே இருக்கட்டும். மாத்திரையைப் பிரித்து டப்பாவில் போட்டால் பெயரும் காலாவதித் தேதியும் போய்விடும்.

பாராசிட்டமால் 500 மி.கி.: பெரியவருக்கு ஒன்று அல்லது இரண்டு, அடுத்ததற்குக் குறைந்தது 4 மணி நேரம், 24 மணி நேரத்தில் 8-ஐத் தாண்டக் கூடாது. சளிக் காய்ச்சல் மாத்திரைகள் பலவற்றிலும் இதே பாராசிட்டமால் இருக்கும். இரண்டையும் சேர்த்துப் போடுவதுதான் வழக்கமான தவறு. அதற்குத்தான் பைக்குள் ஒரு சின்ன நோட்டு: யாருக்கு, என்ன, எத்தனை மணிக்கு. மூன்று பேர் மூன்று முறை கேட்டுத் தலைவலி மாத்திரை கொடுப்பதை அது தடுக்கும்.

ஐபுப்ரோஃபென் வைத்தால் சாப்பிட்ட பிறகு மட்டும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்குக் கூடாது. விருந்தினரின் வரலாறு உங்களுக்குத் தெரியாது, அதனால் என் கணக்கில் பாராசிட்டமாலோடு நிறுத்திக்கொள்வது நல்லது. 16 வயதுக்குக் கீழ் ஆஸ்பிரின் வேண்டாம்.

செடிரிசின் 10 மி.கி. பெரியவருக்கு நாளுக்கு ஒன்று. தூக்கம் வராது என்பார்கள், சிலருக்கு வரும். மணமக்கள் இதுவரை போட்டிராத எந்த மாத்திரையையும் அன்றைக்கு முதன்முதலாகப் போடக் கூடாது.

உப்பு சர்க்கரைக் கரைசல் (ஓஆர்எஸ்): 4 பொட்டலம், அதோடு கோடு போட்ட ஒரு லிட்டர் பாட்டில். பொட்டலம் ஒரு லிட்டருக்கானது என்றால் ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்கிக் கொடுப்பவர்கள் அதிகம். அது உப்பு மிகுந்து வயிற்றுப்போக்கையும் தாகத்தையும் கூட்டும். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

இன்சுலின் போடுகிறவருக்கு: சாப்பாடு தாமதமாவதுதான் ஆபத்து. ஊசி போட்டுவிட்டுப் பந்திக்குக் காத்திருக்கக் கூடாது, அவருக்குத் தனியாக முன்பே தட்டு வர ஏற்பாடு செய்யுங்கள். நடுக்கம், வியர்வை, குழப்பமான பேச்சு வந்தால் இரத்தச் சர்க்கரை இறங்கியிருக்கிறது (70 மி.கி./டெ.லி.-க்குக் கீழ்). உடனே 15 கிராம் சர்க்கரை, அதாவது 3 தேக்கரண்டி தண்ணீரில் கரைத்தது, அல்லது அரை டம்ளர் சாதாரணக் குளிர்பானம். டயட் வகை உதவாது. 15 நிமிடம் கழித்தும் சரியாகாவிட்டால் மறுபடி அதே அளவு. சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஆம்புலன்ஸ்தான்.

வேர்க்கடலை ஒவ்வாமைப் பையன்: அவனுடைய எபினெஃப்ரின் (கடும் ஒவ்வாமைக்கான அவசர மருந்து) ஊசிப்பேனா இரண்டும் உங்கள் பையில் இருக்கக் கூடாது. அவனோடு இருக்கிற பெரியவரின் இடுப்பில் இருக்க வேண்டும். 200 மீட்டர் ஓடி எடுத்துவர நேரம் கிடைக்காது. மூச்சிரைப்பு, குரல் கம்முதல், தொண்டை இறுக்கம், மயக்கம் இவற்றில் ஒன்று வந்தால் தொடையின் வெளிப்பக்கம், பேன்ட் மேலேயே குத்தலாம். படுக்க வையுங்கள், மூச்சுவிடச் சிரமப்பட்டால் உட்கார வைக்கலாம், எழுந்து நடக்க விடாதீர்கள். ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். 5 நிமிடத்தில் தேறாவிட்டால் இரண்டாவது பேனா. "முதலில் செடிரிசின் கொடுத்துப் பார்ப்போம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது இதற்கு ஈடாகாது. சமைப்பவரிடம் எண்ணெய் உட்பட எதில் வேர்க்கடலை இருக்கிறது என்று எழுதி வாங்கிவிடுங்கள்.

கால்: கொப்புளம் வந்த பிறகு ஒட்டுவதைவிட, உராய்கிற இடத்தில் முன்பே காகிதப் பிளாஸ்திரி ஒட்டுவது மேல். குதிகால், சுண்டுவிரல், பெருவிரல் ஓரம். கொப்புளப் பிளாஸ்திரியை ஒட்டுமுன் உள்ளங்கைகளுக்கு நடுவில் ஒரு நிமிடம் வைத்துச் சூடாக்குங்கள், பிடிப்பு நன்றாக இருக்கும். கொப்புளத்தை ஊசியால் குத்தாதீர்கள்.

தீச்சுட்டால் ஓடுகிற குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம். பனிக்கட்டி, பற்பசை வேண்டாம். லென்ஸ் போடுகிறவர் யாராவது இருந்தால் அதன் கரைசலும் டப்பாவும் மாற்றுக் கண்ணாடியும். குழாய்த் தண்ணீரில் லென்ஸைக் கழுவக் கூடாது.

மயக்கத்துக்குப் பெரும்பாலும் காரணம் நோய் இல்லை. காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை, இறுக்கமான உடை, வெயிலில் நின்றது. பையில் பிஸ்கட், வாழைப்பழம், உறிஞ்சுகுழல் போட்ட தண்ணீர் பாட்டில். குழல் இருந்தால் உதட்டுச்சாயம் கலையாது, அதனால் மணமகளும் மறுக்காமல் குடிப்பார்.

---

பொறுப்பாளி:

எல்லோருக்கும் நன்றி. மிச்சத் துணி கேட்டிருக்கிறேன், பொறுப்புக்கு என் தோழி ஒத்துக்கொண்டாள். இன்னும் இரண்டு சந்தேகம். பவர் பேங்க் எவ்வளவு வாங்க வேண்டும்? வெயிலில் தங்கைக்கு விரல் வீங்கும். மோதிரம் இறுகிக்கொண்டால் வெட்டத்தான் வேண்டுமா?

---

மேடைக்குப்பின்:

பவர் பேங்க்: 10,000 என்று போட்டிருப்பதில் மின்னழுத்தம் மாறும்போதும் சூட்டிலும் போனது போக ஆறாயிரத்துச் சொச்சம்தான் போனுக்கு வந்துசேரும். 5,000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி உள்ள போனை ஒன்றேகால் தடவை ஏற்றும். 10,000-இல் இரண்டு வாங்குங்கள், 20,000-இல் ஒன்று வேண்டாம், ஒன்று யாரிடமாவது போனாலும் இன்னொன்று இருக்கும். கேபிள் இரண்டு வகையும். முந்தைய இரவு முழுக்க ஏற்றி, நிஜமாகவே போனில் மாட்டிப் பாருங்கள். கம்பியில்லா மைக்குக்கு என்ன பேட்டரி என்று ஒலிபெருக்கிக்காரரைக் கேட்டுப் புதிதாக ஒரு ஜோடி. நிகழ்ச்சி தொடங்குமுன் மாற்றிவிட வேண்டும், பாதியில் இல்லை. முக்கியமான தொலைபேசி எண்களை ஒரு தாளில் எழுதி வையுங்கள். போன் அணைந்தால் யார் எண்ணும் யாருக்கும் நினைவில் இருக்காது.

தரையில் ஓடும் ஒயரை ஒட்டத் துணி டேப் வாங்குங்கள். வெள்ளி நிற டேப் தரையிலும் ஒயரிலும் பசையை விட்டுவிடும். சுருளில் வரும் நீட்டிப்பு ஒயரை முழுக்கப் பிரித்தே பயன்படுத்துங்கள், சுருளிலேயே விட்டுப் பாரம் ஏற்றினால் சூடாகி உருகும்.

---

மருந்துச்சீட்டு:

மோதிரம்: முதலில் கையைத் தலைக்கு மேலே 5 நிமிடம் தூக்கி வைத்து, குளிர்ந்த தண்ணீரில் முக்கி, சோப்பு போட்டு முறுக்கிப் பாருங்கள். வரவில்லையென்றால் பல் இடுக்குச் சுத்தம் செய்யும் நூல் ஒரு மீட்டர். ஒரு நுனியை மோதிரத்துக்கு அடியில் நுழைத்து, உள்ளங்கைப் பக்கம் 10 செ.மீ. விடுங்கள். நீளமான மறுபக்கத்தை மோதிரத்தின் ஓரத்திலிருந்து விரல் நுனியை நோக்கி, ஒரு சுற்றும் அடுத்த சுற்றும் ஒட்டியிருக்கும்படி, இடைவெளி விடாமல் மூட்டு தாண்டும்வரை இறுக்கமாகச் சுற்றுங்கள். இடைவெளி விட்டால் அதன் வழியாகச் சதை பிதுங்கி மோதிரம் அங்கேயே நிற்கும். பிறகு உள்ளங்கைப் பக்க நுனியைப் பிடித்து விரல் நுனியை நோக்கி இழுத்தபடி சுற்றைப் பிரித்துக்கொண்டே போங்கள். ஒவ்வொரு சுற்று பிரியும்போதும் மோதிரம் கொஞ்சம் கொஞ்சமாக மூட்டைத் தாண்டும். சுற்றிய பிறகு வேகமாக முடிக்க வேண்டும், அப்படியே வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருக்கக் கூடாது. விரல் மரத்தாலோ நீலமானாலோ நூலை எடுத்துவிட்டு மருத்துவமனை, அங்கே வெட்டி எடுப்பார்கள்.

---

பளிச்:

கடைசியாக ஒன்று, இது இரவு வேலை. உடையைக் கழற்றியதும் டேப் எல்லாவற்றையும் அன்றைக்கே எடுத்துவிடுங்கள், நாளாக ஆகப் பசை இழையில் இறங்கும். கறை இருக்கிற இடத்தில் சின்னத் துண்டுச்சீட்டு வைத்து அது என்ன கறை, என்ன போட்டீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். கறைமேல் இஸ்திரி போடாதீர்கள். ஊக்கை எண்ணி எடுங்கள்: குத்தியது ஒன்பது என்றால் ஒன்பதும் டப்பாவுக்குத் திரும்ப வேண்டும். துருப்பிடிக்கிற வகை ஊக்கு ஒன்று உள்மடிப்பில் தங்கி, வியர்வை ஈரத்தோடு பீரோவுக்குள் போனால் துருக்கறை விழும், சாதாரண டிரை வாஷில் அது போகாது.